லோரோங் கூலிட்ல வாங்கின பழைய டயல்-அப் மோடம்: பம்பு வீட்டு லாகருக்கு மாட்டி பதினாலு மாசம் ஆச்சு

யுஎஸ் ரோபோடிக்ஸ் 56கே எக்ஸ்டர்னல் மோடம். சீரியல் போர்ட் உள்ளது, கருப்பு டப்பா, முன்னால வரிசையா லைட்டு, கூடவே எட்டு குட்டி சுவிட்ச். ஒன்னு 35 வெள்ளின்னு (மலேசிய ரிங்கிட்) மூனு வாங்கினேன். இந்த காலத்துல இதுக்கு யாருய்யா ரிவியூ எழுதுவான்னு நெனைப்பீங்க, ஆனா நான் இத மாட்டுறதுக்கு முன்னால தமிழ்ல ஒரு வரி கூட கெடைக்காம தவிச்சேன், அதனால இன்னும் எங்கயாவது தோட்டத்துலயோ மலைமேலயோ ஒரு பழைய டேட்டா லாகர (மழை, தண்ணி மட்டம் மாதிரி அளவ தானா பதிஞ்சு வைக்கற பொட்டி) வச்சிக்கிட்டு போன் லைன் வழியா படிக்கணும்னு இருக்கறவங்களுக்காக இத எழுதுறேன்.

எடம் மலேசியாவுல பினாங்கு பெருநிலத்துல நிபோங் தெபால் பக்கம், கெரியான் ஆத்தங்கரையில ஒரு செம்பனைத் தோட்டம். ஆத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவுல மண் கரை, கரையோரமா ஒரு பம்பு வீடு. கடல் தண்ணி ஏறும்போது ஆறு பின்னால தள்ளும், அந்த நேரம் பாத்து மேல மழையும் கொட்டுச்சுன்னா தோட்டத்து வாய்க்கால்ல இருக்கற தண்ணி ஆத்துக்கு எறங்காது, பம்பு போட்டுத்தான் எறைக்கணும். பம்பு வீட்டுல ஒரு மழைமானி இருக்கு, உள்ள சின்ன வாளி மாதிரி இருக்கும், 0.2 மில்லிமீட்டர் மழை ரொம்புனதும் ஒரு தடவ கவுந்து எண்ணிக்கும். வாய்க்கால்ல தண்ணி மட்டம் பாக்கற சென்சர் ஒன்னு. ரெண்டும் ஒரு லாகர்ல போய் சேரும், லாகர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பதிஞ்சு வைக்கும். எங்க சித்தப்பாதான் அங்க ஜாகா, அதாவது காவலாளி. நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில டெஸ்ட் டெக்னீஷியன், பினாங்குத் தீவுல குடியிருக்கேன், லாகர பாத்துக்கறது எம்பொறுப்பு.

முன்னால அதுல 3ஜி மோடம் இருந்துச்சு. 2021 கடைசியோட நாடு முழுக்க 3ஜி-ய நிப்பாட்டிட்டாங்க, அன்னையிலேர்ந்து லாகர் ஊமை. 4ஜி ரூட்டர் ஒன்னு மாட்டிப் பாத்தோம், கரையோரம் தகரக் கொட்டாய்க்குள்ள சிக்னல் ஒரு கோடு வருது போகுது. அதுவும் பரவால்ல, பெரிய சிக்கல் என்னன்னா சாதா சிம்முக்கு தனி ஐபி (இண்டர்நெட் விலாசம்) கெடையாது, ஆயிரம் பேர் ஒரே ஐபிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கோம், நாம வெளியிலேர்ந்து லாகர கூப்புட முடியாது, லாகர்தான் நம்மள கூப்புடணும், எங்க லாகர் பழசு, அதுக்கு அந்த வேலை தெரியாது. ஆனா பம்பு வீட்டுல சித்தப்பாவுக்குன்னு தோட்டத்து ஆபிஸ் போட்டுக் குடுத்த பழைய செம்பு லைன் போன் இன்னும் உசுரோட இருந்துச்சு. அதுதான் ஆரம்பம்.

இவ்ளோ எதுக்கு மெனக்கெடணும்னு கேட்டா, 2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்குல இருந்தவங்களுக்கு சொல்லாமலே தெரியும். காத்தும் மழையும் சேந்து அடிச்சு தீவு, பெருநிலம் ரெண்டுமே முங்குன ராத்திரி அது, ஏழு பேர் செத்துப்போனாங்க. அன்னைக்கி நான் ஆயர் ஈத்தாம்ல மாடியில உக்காந்துக்கிட்டு சித்தப்பாவுக்கு போன் அடிச்சுக்கிட்டே இருந்தேன், லயத்து வீட்டுக்குள்ள (தோட்டத்து வரிசை வீடு) தண்ணி வந்துருச்சுன்னு அவரு சொல்றாரு, இன்னும் எவ்ளோ ஏறும், எப்ப ஏறும்னு எனக்கும் தெரியல அவருக்கும் தெரியல. லாகர்ல எல்லாம் பதிஞ்சிருந்துச்சு, ஆனா அந்த ராத்திரி அத தூரத்துலேர்ந்து படிக்க முடியல, மறுநாள் போய் எடுத்துப் பாத்தா மட்டம் ஏறுன வேகம் முழுசும் கோடு போட்ட மாதிரி இருக்கு. முடிஞ்சு போனப்புறம் பாக்கறதுக்கா அத வச்சோம்? ஜேபிஎஸ்ஸோட (வடிகால் பாசன இலாகா) பப்ளிக் இன்போ பஞ்சிர் வெப் பக்கத்துல ஆத்து மட்டம் பாக்கலாம், நானும் தெனமும் பாக்கறவன்தான், ஆனா எங்க வாய்க்கால் எங்க லயத்துக்கு எத்தன அடியில நிக்குதுன்னு அதுல வராது.

அதனால நான் இந்த மோடத்துக்கு வச்ச பரிட்சை ஒன்னே ஒன்னுதான். பக்கத்துல ஆள் இல்லாதப்ப, கரெண்டு போய் வந்தப்புறமும், இடி இடிச்சப்புறமும், தானா எந்திரிச்சு போன எடுக்குமா எடுக்காதா. வேகம், பேக்ஸ் அனுப்பறது, அதெல்லாம் எனக்கு வேணாம்.

மொதல்ல ஏமாந்த கதைய சொல்லிடுறேன். ஆன்லைன்ல ஒரு கடையில 56கே மோடம்னு போட்டு ஒரு குட்டி யுஎஸ்பி சாமான் 60 வெள்ளிக்கு இருந்துச்சு. லாகர்ல மாட்டலாமான்னு கேட்டேன், போலே (முடியும்), ரெண்டும் ஒன்னுதான்னு பதில் வந்துச்சு. வாங்கிட்டேன். ரெண்டும் ஒன்னே இல்ல. யுஎஸ்பி மோடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் டிரைவரும் இருந்தாத்தான் அது மோடம், இல்லாட்டி வெறும் டப்பா. லாகருக்கு வேண்டியது பழைய ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வச்ச, வேலை எல்லாத்தையும் தன்னோட சிப்லயே செய்யற மோடம். இத தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, கடைக்காரர் வார்த்தைய நம்பி வாங்காதீங்க. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, அந்த 60 வெள்ளி போச்சு.

அப்புறம்தான் லோரோங் கூலிட். தீவுக்காரங்களுக்கு சொல்லணுமா என்ன, ஸ்டேடியம் பக்கத்துல பழைய சாமான் சந்தை, காலையில சீக்கிரம் போனாத்தான் நல்லது கெடைக்கும். ஞாயித்துக்கெழம பசியாறிட்டு ஏழரைக்கெல்லாம் போயிட்டேன். ஒரு சீன அங்கள் தார்ப்பாய் விரிச்சு ரிமோட்டு, பழைய போன், வயர்னு பரப்பி வச்சிருந்தாரு, அதுக்கு அடியில இந்த மோடம் மூனு. ஏதோ ஆபிஸ் காலி பண்ணப்ப வந்ததாம். ஒன்னுக்கு 50 கேட்டாரு, மூனையும் எடுத்துக்கறேன்னு சொன்னதும் 35-க்கு வந்தாரு. ஒன்னு பம்பு வீட்டுக்கு, ஒன்னு கூப்புடுற பக்கம் என் வீட்டுக்கு, ஒன்னு கையிருப்பு. மூனும் வேலை செஞ்சுச்சு, அந்த அங்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும், வேலை செய்யலன்னா கொண்டுக்கிட்டு வா மாத்தித் தரேன்னு அவரே சொன்னாரு.

ஆனா அடாப்டர் கெடையாது. இது கொஞ்சம் கவனமா பாக்க வேண்டிய எடம். இந்த மோடத்துக்கு 9 வோல்ட் ஏசி வேணும். டிசி இல்ல, ஏசி. வீட்டுல பழைய ரூட்டருக்கு வந்த 9 வோல்ட் அடாப்டர் ஊசி சரியா போய் உக்காருது, அதனால எல்லாரும் அதையே சொருகிப் பாப்பாங்க, அது டிசி. ஏசி குடுக்கற அடாப்டர் இப்ப சுலபத்துல கெடைக்கல, கடைசில கோலாலம்பூர்ல இருக்கற மச்சான்கிட்ட சொல்லி பூடு பக்கம் ஜாலான் பசார் எலெக்ட்ரானிக் கடையில ரெண்டு வாங்கி பஸ்ல அனுப்பச் சொன்னேன். இதுலேர்ந்தே ஒன்னு புரிஞ்சிக்கலாம், சோலார் போட்டு 12 வோல்ட் பேட்டரியில ஓடுற ஸ்டேஷனுக்கு இந்த மோடம் ஒத்துவராது. அங்க நேரா டிசியில ஓடுற இண்டஸ்ட்ரியல் மோடம்தான் வேணும். எங்க பம்பு வீட்டுல கரெண்டு இருக்கு, அதனால சரி, ஒரு சின்ன யுபிஎஸ் நடுவுல போட்டிருக்கேன்.

அடுத்து கேபிள். எங்க லாகரோட சீரியல் போர்ட்டும் மோடம் மாதிரியே வயர் போட்டது, கம்ப்யூட்டர் மாதிரி இல்ல. கம்ப்யூட்டர நேரா சொருகறதுக்காக அப்படி செஞ்சு வச்சிருக்காங்க. அப்ப லாகரும் மோடமும் ஒரே சாதி, ரெண்டும் ஒரே கம்பியில பேசும், ஒரே கம்பியில கேக்கும், நடுவுல நேர் கேபிள் போட்டா ஒன்னும் நடக்காது. நல் மோடம் கேபிள்னு கேக்கணும், 2-ம் 3-ம் குறுக்க மாறியிருக்கும். டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில கேட்டேன், ஆமா இதுதான்னு எடுத்துக் குடுத்த தம்பி நேர் கேபிளத்தான் குடுத்திருக்கான், வீட்டுல மீட்டர் வச்சு பாத்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அந்த தம்பி மேல கோவம் இல்ல, அவன் பொறந்த காலத்துக்கு இந்த கேபிள் எல்லாம் எங்க தெரியப் போகுது. 2, 3, கிரவுண்டுன்னு மூனு கம்பி மட்டும் வச்சு நானே வெட்டி பத்த வச்சுக்கிட்டேன். ஒரு எச்சரிக்கை, 9 பின் சாக்கெட்ல கிரவுண்ட் 5-ம் நம்பர், 25 பின்னுன்னா 7, போதாததுக்கு 2-ம் 3-ம் கூட ரெண்டுலயும் தல மாறி இருக்கும், அதனால ஒரு பக்கம் 9 மறுபக்கம் 25-னா படத்தப் பாத்துட்டு பத்த வைங்க.

இப்ப செட்டிங். இங்கதான் எனக்கு மூனு வாரம் போச்சு, இங்கதான் இந்த மோடம் தன்னோட மதிப்ப காட்டுச்சு.

லாகருக்கு மோடம்கிட்ட கட்டளை குடுக்கத் தெரியாது. போன் அடிச்சா மோடம் தானா எடுக்கணும், எடுத்துட்டு ஒரு குழாய் மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்கணும். ஆனா மோடம் ஒரு கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்குன்னு நெனச்சு செஞ்ச சாமான், போன் அடிச்சா ரிங்னு எழுத்துல சொல்லும், லைன் கெடச்சா கனெக்ட்னு சொல்லும். அதெல்லாம் லாகர் காதுல போய் விழும், லாகர் அத கட்டளைன்னு நெனச்சு ஏதாவது பதில் சொல்லும், அந்த பதில மோடம் திருப்பி ஒப்பிக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி பேசிக்கிட்டே கெடக்கும், நாம வெளியிலேர்ந்து கூப்புட்டா ஒன்னும் புரியாது. எனக்கு இது அப்படியே நடந்துச்சு. அதுக்குத்தான் அந்த எட்டு சுவிட்ச்.

1-ஐ கீழ எறக்கினேன், லாகர் பக்கத்துலேர்ந்து டிடிஆர் சிக்னல் (நான் தயார்னு சொல்ற சிக்னல்) வருதா இல்லையான்னு மோடம் பாக்காது. மூனு கம்பி கேபிள்ல டிடிஆர் வரவே வராது, இந்த சுவிட்ச் மேல இருந்தா நீங்க எத்தன தடவ கூப்புட்டாலும் வேலை ஓடாது. 3-ஐ மேல, ரிங் கனெக்ட் சத்தமெல்லாம் லாகருக்குப் போகாது. 4-ஐ கீழ, ஒப்பிக்கறது நிக்கும். 5-ஐ மேல, தானா போன் எடுக்கும், அப்ப முன்னால ஏஏன்னு ஒரு லைட்டு எரியும், அது எரிஞ்சாத்தான் ஆட்டோ ஆன்சர் இருக்குன்னு அர்த்தம். 7 மேலயே இருக்கட்டும், கரெண்டு வந்ததும் நாம சேவ் பண்ணி வச்ச செட்டிங்க அதுவே எடுத்துக்கும். எல்லாம் முடிஞ்ச பெறகு 8-ஐயும் மேல தூக்கிட்டேன், அதுக்கப்புறம் மோடம் எந்த கட்டளையையும் காதுல வாங்காது, லாகர் என்ன ஒளறினாலும் செட்டிங் கெடாது. ஆனா இத கடைசியா செய்ங்க, மொதல்லயே தூக்கிட்டா நீங்க கட்டளை குடுத்தாலும் கேக்காது.

சுவிட்ச் போட்டா மட்டும் போதாது, உள்ள மெமரியிலயும் எழுதணும். லாப்டாப்ல சீரியல் கேபிள் போட்டு மோடத்துக்கு கட்டளையா ஏடி&எப்0 அடிச்சா ப்ளோ கண்ட்ரோல் (கொஞ்சம் நிறுத்து, இப்ப அனுப்புன்னு சொல்லிக்கற மொறை) இல்லாத பேக்டரி செட்டிங் வரும், அதுதான் மூனு கம்பி லாகருக்கு சரி. அப்புறம் எஸ்0=4, நாலாவது மணியில எடுக்கும். டிடிஆர கண்டுக்காம விட, டேட்டாவ சுருக்காம இருக்க, சீரியல் வேகத்த மாத்தாம இருக்க வரிசையா &டி0, &கே0, &பி1, லைன் வேகத்துக்கு &என்3, கடைசியா &டபிள்யூ போட்டு சேவ். ஐ4 போட்டா இப்ப என்ன செட்டிங் ஓடுதுன்னு காட்டும், ஐ5 போட்டா மெமரியில என்ன எழுதியிருக்குன்னு காட்டும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கழட்டணும். இந்த ரெண்டு கட்டளைக்காகவே நான் இந்த மோடத்த சிபாரிசு பண்ணுவேன், ஒளிவு மறைவு இல்லாம எல்லாத்தையும் தெறந்து காட்டுது.

இப்ப நான் மூனு வாரம் தொலச்ச எடம். மேல சொன்னதெல்லாம் சரியா செஞ்சேன், வீட்டுல ஒரு பழைய குட்டி பிஏபிஎக்ஸ் பொட்டியில (ஆபிஸ்ல உள்ளுக்குள்ளயே போன இணைக்கறது) ரெண்டு மோடத்தையும் ரெண்டு எக்ஸ்டென்ஷனா மாட்டி ஒன்ன இன்னொன்னுலேர்ந்து கூப்புட்டுப் பாத்தேன், லைன் கெடச்சுச்சு. பினாங்கு ரெண்டாவது பாலம் வழியா காடி எடுத்துக்கிட்டு பம்பு வீட்டுக்குப் போய் மாட்டினேன், அங்கயும் லைன் கெடச்சுச்சு, ஆனா லாகர்லேர்ந்து வர்றது எல்லாம் குப்பை எழுத்து. லாகர் கெட்டுப்போச்சு, கேபிள் கெட்டுப்போச்சு, லைன் கெட்டுப்போச்சுன்னு ஒவ்வொன்னா சந்தேகப்பட்டு மூனு சனிக்கெழம போயிட்டு வந்தேன். காரணம் இதுதான்: மோடம் தன்னோட சீரியல் வேகத்த நாம கடைசியா அடிச்ச ஏடி கட்டளையிலேர்ந்துதான் கத்துக்கும், சேவ் பண்ணும்போது அந்த வேகத்தையும் சேத்துத்தான் எழுதும். நான் லாப்டாப்ல 115200-ல பேசி சேவ் பண்ணியிருக்கேன், லாகர் 9600-ல பேசுது. லாப்டாப்ப 9600-க்கு எறக்கி அதே கட்டளைகள திரும்ப அடிச்சு சேவ் பண்ணேன், அடுத்த கூப்புட்டுலயே மழை கணக்கு வரிசையா வந்துச்சு. சித்தப்பா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே, இவ்ளோதானாடான்னாரு. இவ்ளோதான். ஆனா இத ஒருத்தரும் எடுத்துச் சொல்லல, அதனாலதான் இவ்ளோ நீட்டமா எழுதுறேன்: லாகர் என்ன வேகமோ அதே வேகத்துல பேசித்தான் &டபிள்யூ அடிக்கணும்.

லைன் வேகம்னு சொன்னேன்ல, அது லாகருக்கும் மோடத்துக்கும் நடுவுல ஓடுற 9600 இல்ல, போன் லைன்ல ஓடுற வேகம், &என்3-னா 2400. 56கே மோடத்த வாங்கி எதுக்கு 2400-ல ஓட்டுறன்னு கூட வேலை செய்யற பையன் கேட்டான். மொத விஷயம், 56கேன்னு டப்பா மேல போட்டிருந்தாலும் ரெண்டு பக்கமும் சாதா போன் லைன்னா அது 33.6-க்கு மேல போகவே போகாது, ஒரு பக்கம் டிஜிட்டலா எக்ஸ்சேஞ்சுக்குள்ள போனாத்தான் 56. ரெண்டாவது, என் வீட்டு லைன் இப்ப பைபர். போன் சத்தமெல்லாம் இண்டர்நெட் பொட்டலமா மாறித்தான் போகுது. மனுசன் பேசுனா கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் காதுக்குத் தெரியாது, மோடத்துக்கு ஒரு பொட்டலம் காணாமப் போனாலே கணக்கு தப்பிடும். வேகத்த அதுவே முடிவு பண்ணட்டும்னு விட்டப்ப பதினஞ்சு செகண்ட் கிரீச் கிரீச்னு பேசி கைகுலுக்கும், அப்புறம் அரை நிமிஷத்துல விழுந்துரும். 9600-லயும் பத்துல நாலு தடவ விழுந்துச்சு. 2400-க்கு எறக்கினேன், பழைய வி.22பிஸ் மொறை, கைகுலுக்கறதும் சட்டுன்னு முடியும், கோடும் உறுதியா நிக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு பதிவுன்னா ஒரு நாளைக்கு 144, ஒன்னு 60 எழுத்துன்னா மொத்தம் 8640 எழுத்து, 2400-ல செகண்டுக்கு 240 எழுத்து போகும், 36 செகண்ட்ல ஒரு நாள் கணக்கு முழுசும் கைக்கு வந்துரும். இதுக்கு எதுக்கு வேகம்?

மாட்டி அஞ்சாவது மாசம் அது செத்துச்சு. ஒரு சாயங்காலம் பெரிய இடி, மறுநாள் காலையில கூப்புட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்குது. சித்தப்பாவ பாக்கச் சொன்னேன், லைட்டெல்லாம் எரியுது, ஏஏவும் எரியுதுங்கறாரு. அதனால மோடம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சு லைன சந்தேகப்பட்டேன், ஆனா அவரு போன்ல பேச முடியுது. போய் கழட்டிப் பாத்தப்ப லைன் பக்கத்து பாகம் மட்டும் கருகிக் கெடக்கு, சிப் உசுரோட இருக்கு. இதுதான் இடி விழுந்த மோடத்தோட அடையாளம், எல்லா லைட்டும் எரியும், போன் மட்டும் எடுக்காது. தப்பு எம்மேல, கரெண்டு பக்கம் யுபிஎஸ் போட்டவன் போன் லைன் பக்கம் ஒன்னுமே போடல. வெட்டவெளியில கரையோரமா கம்பத்து மேல அவ்ளோ தூரம் ஓடி வர்ற செம்பு கம்பி, இடிக்கு அதவிட வேற என்ன வேணும்.

கையிருப்ப எடுத்து மாட்டினேன், இந்த தடவ லைன் உள்ள வர்ற எடத்துல கேஸ் டியூப் உள்ள ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர், 80 வெள்ளி ஆச்சு, மோடத்த விட ரெண்டு மடங்குக்கு மேல வெலை. அத விட முக்கியம் எர்த். செம்பு கம்பி ஒன்ன தரையில அடிச்சு எறக்கி லாகர் பொட்டி, ப்ரொடெக்டர், கரெண்டு எர்த் எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்துக் கட்டினேன். தனித்தனியா எர்த் குடுத்தா இடி விழும்போது ஒரு எர்த்துக்கும் இன்னொரு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் ஏறும், அது போக வழி தேடி மோடத்துக்குள்ள நொழஞ்சுதான் போகும். அதுக்கப்புறம் ஒம்போது மாசம், எத்தனையோ இடி, இன்னைக்கி வரைக்கும் ஒன்னும் ஆகல.

லைன் வேலை பாக்கும்போது ஒரு எச்சரிக்கை, போன் கம்பிதானன்னு வெறுங்கையில புடிக்காதீங்க. சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், அந்த நேரம் யாராவது கூப்புட்டா மணி அடிக்கற வோல்டேஜ் 75, 90-ன்னு வரும், நான் ஏணி மேல நிக்கும்போது தங்கச்சி எதார்த்தமா சித்தப்பாவுக்கு போன் அடிச்சு எனக்கு கையெல்லாம் உதறிப்போச்சு.

மழை பேஞ்சா லைன்ல கரகரன்னு சத்தம், அதாவது நமக்கு எப்ப வேணுமோ சரியா அப்பத்தான் லைன் மோசமாகும். ஐ6-ன்னு ஒரு கட்டளை இருக்கு, பேசி முடிச்சதும் என் வீட்டு மோடத்துல அத போட்டா அந்த கூப்புட்டுல எத்தன தடவ பொட்டலம் கெட்டுச்சு, எத்தன தடவ திரும்ப கைகுலுக்குச்சு, ஏன் லைன் அறுந்துச்சுன்னு எல்லாம் சொல்லும். மழை நாள்ல கெட்டது 41. பம்பு வீட்டு சுவத்துல இருந்த ஜாயிண்ட தெறந்து பாத்தா எறும்புக் கூடு, செம்பு பச்சை பூத்துக் கெடக்கு. வெட்டி எறிஞ்சுட்டு உள்ளுக்க ஜெல் அடைச்ச ஜாயிண்ட் போட்டேன், ஒன்னு ஒரு வெள்ளி கூட இல்ல. அடுத்த மழையில 3. டெக்னீஷியன வரச்சொல்லி லைன் நல்லாருக்கு நல்லா இல்லன்னு வாய்வார்த்தையில சண்ட போடறதுக்கு பதிலா இந்த மாதிரி நம்பர் கையில இருக்கறது எவ்ளோ பெரிய பலம்.

ஒரே லைன்ல சித்தப்பாவோட போனும் இருக்கு, மோடமும் இருக்கு. நாலாவது மணியில எடுக்கணும்னு வச்சது அதுக்குத்தான், மனுசங்க கூப்புட்டா நாலு மணி அடிக்கறதுக்குள்ள அவரு எடுத்துருவாரு. காலையில ஏழு மணிக்கும் ராத்திரி ஒம்போதுக்கும் நான் கூப்புடுறேன்னு பேச்சு, அந்த நேரம் அவரு தொடமாட்டாரு. ஆரம்பத்துல ஒரு தடவ மறந்து எடுத்துட்டு மோடம் கத்துன கத்துல பயந்துட்டாரு, இப்ப அவரே அந்த சத்தம் கேட்டா பினாங்குலேர்ந்து புள்ள படிக்கறான்னு சித்திகிட்ட சொல்வாராம்.

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஆயர் ஈத்தாம்ல மழை சத்தம் கேட்டு எந்திரிச்சேன். ஏழு மணி வரைக்கும் காத்திருக்க மனசு வரல, கூப்புட்டேன். நாலு தடவ மணி அடிச்சதும் மோடம் எடுத்துச்சு, கொஞ்ச நேரத்துல கணக்கு வந்துருச்சு, கடைசி ஒரு மணி நேரத்துல 46 மில்லிமீட்டர், வாய்க்கால் பத்து நிமிஷத்துக்கு ஏழு சென்டிமீட்டர் ஏறிக்கிட்டு இருக்கு. லைன வெட்டிட்டு அதே நம்பருக்கு திரும்ப அடிச்சேன், இந்த தடவ சித்தப்பா ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டாரு, என்னய்யா பம்பு போடவான்னாரு. போடுங்க சித்தப்பான்னேன். விடியறதுக்குள்ள ரெண்டு பம்பும் ஓடி லயத்து வாசல் காஞ்சே இருந்துச்சு.

பதினாலு மாசத்துல கரெண்டு எத்தன தடவ போச்சுன்னு லாகர் கணக்குல பாத்தேன், 23. யுபிஎஸ் தாங்காம மோடமே அணைஞ்சு போனது அதுல ஆறு. ஆறு தடவையும் கரெண்டு வந்ததும் தானா எந்திரிச்சு ஏஏ லைட்ட போட்டு உக்காந்துருச்சு. ஒரே ஒரு தடவ கரெண்டு இருக்கும்போதே மோடம் தூங்கிருச்சு, சித்தப்பா சுவிட்ச தட்டித்தான் எழுப்புனாரு, அதுக்கப்புறம் ஒரு டிஜிட்டல் டைமர் பிளக் போட்டு தெனமும் மத்தியானம் ஒரு மணிக்கு அஞ்சு நிமிஷம் மோடத்த அணைச்சு எழுப்ப வச்சிருக்கேன். உள்ள பேட்டரி உள்ள டைமரா பாத்து வாங்குங்க, முள்ளு சுத்துற டைமர் கரெண்டு போனா நின்னுரும், நேரம் தள்ளிப் போய் ராத்திரி ஒம்போதுக்கு வந்து நிக்கும்.

யாருக்கு இது வேணாம்னும் சொல்லணும். உங்க எடத்துல 4ஜி நல்லா வருது, லாகர் புதுசு, தானா சர்வருக்கு அனுப்பத் தெரியும்னா இந்தப் பக்கமே வராதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ உடனுக்குடனே பாக்கணும்னாலும் இது ஆகாது, ஒவ்வொரு கூப்புட்டுக்கும் காசு. பம்பு வீட்டுப் பக்கம் லைன பைபருக்கு மாத்தறாங்கன்னா அதுக்கு முன்னால ஒரு தடவ யோசிங்க, ரெண்டு பக்கமும் பைபர் ஆனா 2400-ம் நிக்குமான்னு நான் இன்னும் பாக்கல. செம்பு கம்பி இருக்கற வரைக்கும், கரெண்டு இருக்கற எடத்துல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ படிச்சா போதும்னு இருக்கறவங்களுக்கு இந்த மோடத்த நான் மனசார சொல்வேன்.

இடி விழுந்தது போக கையிருப்பு தீந்துருச்சு, அதனால மறுபடியும் லோரோங் கூலிட் போய் அதே அங்கள்கிட்ட இன்னும் ஒன்னு தேடித்தரச் சொன்னேன், ரெண்டு வாரம் கழிச்சு 40 வெள்ளிக்கு ஒன்னு வச்சிருந்தாரு. 9600-ல பேசி செட்டிங் எழுதி, சுவிட்ச் எது மேல எது கீழன்னு காயிதத்துல தமிழ்ல எழுதி மூடி மேல ஒட்டி, சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலம் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு சித்தப்பாகிட்ட குடுத்துட்டேன். பழசு செத்தா நான் வர்ற வரைக்கும் காக்க வேணாம், மூனு வயரையும் கழட்டி இதுல சொருகுனா போதும், ஒரு தடவ என் கண் முன்னாலயே அவரு மாத்திக் காட்டுனாரு, நாலு நிமிஷம் ஆச்சு.